கண்ணில் மட்டும் நிறம் குறைந்தால்: மும்பை வாசகர்களுக்குக் கண் மருத்துவர் பதில்கள்

பையனுக்கு மூன்று மாதத்திலிருந்து கண் ஆடிக்கொண்டே இருக்கிறது. 'ஆக்குலர் ஆல்பினிசம்' என்கிறார்கள். தோல், முடி எல்லாம் எங்களைப் போலக் கறுப்புதானே? – மாட்டுங்கா வாசகி

ஆல்பினிசம் என்றால் பிறவியிலேயே நிறமி குறைவது. இந்த வகை கண்ணோடு நின்றுவிடும். நிறம் சற்று மட்டாக இருக்கலாம், அவ்வளவுதான். கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸிலும், உள்ளே இருக்கும் விழித்திரையிலும் மெலனின் என்ற நிறமி குறைவதால் வெயில் கூசும். பார்வை குறைய முக்கியக் காரணம் வேறு. விழித்திரையின் நடுவில், நுணுக்கமாகப் பார்க்கிற ஃபோவியா என்ற குழி கருவிலேயே சரியாக உருவாவதில்லை. விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் அது தெரியும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளும் வழக்கத்தைவிட அதிகமாக எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. அதனால் ஆழம் கணிப்பது சிரமம். பந்து பிடிக்கத் தடுமாறுவான்.

என் மகனைப் போலவே என் தம்பிக்கும் கண் ஆடும். "எல்லாம் உன் பிறந்த வீட்டுக் கோளாறு" என்கிறார் மாமியார். – தாராவி வாசகி

வழி உங்கள் பக்கம்தான், மாமியார் சொன்னதில் அது மட்டும் சரி. குற்றம் யாருடையதும் இல்லை, கர்ப்பத்தில் கிரகணம் பட்டதால் வந்தது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். இதற்குக் காரணமான ஜிபிஆர்143 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் பார்வைக்குக் குறையில்லை. ஆனால் அவர் விழித்திரையைப் பார்த்தால் பெரும்பாலும் சேறு தெறித்ததுபோல் திட்டுத் திட்டாக நிறம் இருக்கும். மகன் தாயிடமிருந்து ஒரே எக்ஸ்தான் பெறுகிறான்; ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. அப்பாவிடமிருந்து மகனுக்கு இது வராது. உங்கள் தம்பிக்குப் பிறக்கும் பெண்கள் எல்லோரும் பழுதான மரபணுவைச் சுமப்பார்கள், ஆண்களுக்கு வராது. நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டிவைக்கிற பழக்கம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன்: மாப்பிள்ளையான தாய்மாமனுக்கு இந்த நோய் இருந்து, அந்தப் பெண்ணும் மரபணுவைச் சுமந்தால், பிறக்கும் மகளுக்கும் நோய் வரலாம். கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

தலையைச் சாய்த்துப் பார்க்கிறான், புத்தகத்தை மூக்கருகே வைக்கிறான் என்று டீச்சர் திட்டுகிறார். – செம்பூர் வாசகர்

திட்டவே வேண்டாம். இப்படிக் கண் ஆடும் பல குழந்தைகளுக்கு ஆட்டம் குறைகிற ஒரு கோணம் உண்டு. அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறான். கிட்டே வைத்துப் பார்த்தால் கண் கெடாது, எழுத்து பெரிதாகிறது, ஆட்டமும் குறைகிறது. முதல் பெஞ்ச் கொடுங்கள், ஆனால் அவன் தலை திரும்பும் பக்கத்துக்கு ஏற்ற இடமாக.

முழுக்கப் பார்வை போய்விடுமா?

போகாது. இது வளர்கிற நோயல்ல. ஆட்டமும் வயதாக ஆகக் குறையக்கூடும். பார்வை பெரும்பாலும் 6/18-க்கும் 6/60-க்கும் இடையில் நிற்கும்; அதாவது மற்றவர்கள் 18 முதல் 60 மீட்டரில் பார்ப்பதை இவன் 6 மீட்டரில் பார்ப்பான். கண்ணாடி பவரைச் சரிசெய்யும், ஃபோவியாவைச் சரிசெய்யாது. எனவே "கண்ணாடி போட்டும் தெரியவில்லையா" என்று கேட்காதீர்கள். வெயிலுக்குத் தொப்பியும் நிறக் கண்ணாடியும் போதும்.

தாதர் பிளாட்பாரத்தில் லோக்கல் இண்டிகேட்டரைப் படிக்க முடியவில்லை. – கல்லூரி மாணவர்

போன் கேமராவைத் திறந்து ஜூம் செய்யுங்கள், வெட்கப்படாமல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபார்வைச் சான்றுக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.