கூடுதல் நேரமா, ஒரு கூடுதல் ஆளா?

கேள்வி: ஏற்றுமதிக்கு டி-ஷர்ட் தைக்கும் நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். 25 பேர் உள்ள ஒரு லைனில் மணிக்கு 100 பீஸ் வர வேண்டும்; 80தான் வருகிறது. தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டும்படி முதலாளி சொல்கிறார். லைன் இன்சார்ஜோ, மெதுவாகத் தைக்கும் நான்கு பெண்களைச் சம்பளம் குறைவான செக்கிங்குக்கு மாற்றிவிடலாம் என்கிறார். எந்த முடிவை எடுப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்த 80 எங்கே உருவாகிறது என்று தெரியாமல் எடுக்கும் முடிவு, தவறே செய்யாத ஒருவரின் கூலியில் கை வைப்பதில் போய் முடியும்.

தோள் இணைப்பு, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை), கை வைத்தல், சைடு, கீழ்மடிப்பு என்று பீஸ் ஒவ்வொரு கையாக நகரும் லைனில், எந்த வேலை அதிக நேரம் பிடிக்கிறதோ அதன் வேகம்தான் மொத்த லைனின் வேகம். கழுத்து ரிப் வைக்க ஒரே ஒரு மெஷின் இருந்து, ஒரு பீஸுக்கு 45 விநாடி ஆகிறது என்றால், மணிக்கு 80 பீஸுக்கு மேல் அந்த இடத்தைத் தாண்டாது; அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எவ்வளவு கைதேர்ந்த டைலர்களாக இருந்தாலும் அடுத்த துணிக்கட்டான பண்டலுக்காகக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். மெதுவானவர்கள் என்று இன்சார்ஜ் சுட்டும் நால்வரும் ஒருவேளை அப்படிக் காத்திருப்பவர்களாகவே இருக்கலாம். ஆகவே நாளைக் காலை நீங்களே லைனில் போய் நின்று, எந்த மெஷினுக்கு முன்னால் பண்டல் குவிகிறது, யார் கை சும்மா இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாப்வாட்ச்சுடன் நேரம் எடுக்கும் முன், எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். நூல் அறுவது, மெக்கானிக்குக்காகக் காத்திருப்பது, கட்டிங்கிலிருந்து சைஸ் கலந்து வரும் பண்டல் ஆகியவற்றில் போகும் நேரத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது டைலரின் கணக்கில் எழுத வேண்டிய நேரம் அல்ல.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 வீதம் பத்து மணி நேரம் ஓட்டினால் 800 பீஸ் கிடைக்கும். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் என்பதால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு நான்கு மணி நேரக் கூலி, 25 பேருக்கும் சேர்த்து 100 மணி நேரக் கூலி ஆகிறது. மாறாக, ரிப்பை முன்கூட்டியே மடித்துக் கையில் கொடுக்க ஒரு கைமடியை (தையலுக்கு உதவும் ஆளை) அமர்த்தி 45 விநாடியை 36 ஆகக் குறைத்தால், மற்ற வேலைகள் எதுவும் 36 விநாடியைத் தாண்டாத பட்சத்தில், மணிக்கு 100 வீதம் எட்டு மணி நேரத்திலேயே அதே 800 கிடைத்துவிடும். ஆகும் செலவு ஒருவரின் எட்டு மணி நேரக் கூலி. முதலாளியிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் கேட்பது பீஸ்தானே தவிர, இரவு எட்டரை மணி வரை லைட் எரிய வேண்டும் என்பதல்ல.

கூடுதல் நேரம் ஓட்டுவதைத் தினசரி வழக்கமாக்குவதை நான் ஏற்பதில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நலனை ஆராய 1915-இல் ஓர் அரசுக் குழு அமைக்கப்பட்டது. அது திரட்டிய உற்பத்திக் கணக்குகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவல் மறுபடி ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிடப் பெரிதாகக் கூடவில்லை. உங்கள் லைனிலும் மாலை ஆறு மணிக்கு மேல் வரும் ஆல்டர் பீஸ்களை, அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ்களை, தனியே எண்ணிப் பாருங்கள்.

அந்த நான்கு பெண்களைப் பொறுத்தவரை, புதிய ஸ்டைல் கைக்கு வர நாள் பிடிக்கும் என்பதையும், வேறு மெஷினிலிருந்து மாற்றப்பட்டவரா, பழைய மெஷின் கொடுக்கப்பட்டவரா என்பதையும் முதலில் விசாரியுங்கள். அத்தனைக்கும் பிறகு ஒருவர் பின்தங்கினால், அதே வேலையை நன்றாகச் செய்பவரின் பக்கத்தில் சில நாள் உட்கார வையுங்கள். செக்கிங்குக்கு மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். அப்போதும் சம்பளம் குறையக் கூடாது. அந்தத் தொகை நிறுவனத்துக்குச் சிறியது, ஆனால் அவர் வீட்டில் அது ஒரு மாத மளிகையாகவோ பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ இருக்கும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் எட்டரைக்குப் பதிலாக ஏழு மணிக்குத் தொடங்கும் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும் என்கிறார்கள். மேற்பார்வையாளரான எனக்கு மனம் ஒப்பவில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. வேலை நேரத்தையும் இடைவேளையையும் மாற்றுவதற்கு முன் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே சொன்னது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. எனவே பொதுவாக, நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே நேரத்தை மாற்ற முடியாது. அந்த 21 நாளையும் நீங்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவினரையும் நேரில் கூட்டி, எதனால் இந்த மாற்றம் என்று சொல்லுங்கள். ஏழு மணி என்பது முடிவாகிவிட்டது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். முடிவான ஒன்றுக்குக் கருத்துக் கேட்பதுபோல் நடிப்பதைத் தொழிலாளர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கம்பெனி பஸ் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கும், காலைச் சிற்றுண்டி எப்போது, கைக்குழந்தை உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பவையெல்லாம் இன்னும் பேசித் தீர்க்கக்கூடியவை. ஏழு மணிக்கு வரவே முடியாதவர்களின் பட்டியலை முதல் வாரத்துக்குள் தயார் செய்து, பொது ஷிப்டில் அவர்களுக்கு இடம் உண்டா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.