ரெட் டாட் போட்ட பிஸ்டலுக்கு எந்த அயர்ன் சைட்? கேள்வி பதில்

கேள்வி: ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி, ஆப்டிக் என்றும் சொல்வார்கள்) மாட்டியதும் பழைய அயர்ன் சைட் (பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் உள்ள உலோகக் குறிமுனைகள்) கண்ணுக்கே தெரியவில்லை. மாற்றியே ஆக வேண்டுமா அண்ணா?

பதில்: டாட் அணைந்தால் கைகொடுக்க ஏதாவது வேண்டும் என்றால், ஆம். பிஸ்டலோடு வரும் சைட் பெரும்பாலும் ஆப்டிக்கின் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். உயரமான சைட்டை 'சப்ரசர் ஹைட்' என்று விற்பார்கள். சைலன்சர் குழாய்க்கு மேலே தெரிவதற்காக வந்த உயரம் அது. அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஸ்லைடு என்ற, பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகத்தைக் குடைந்து நேரடியாகப் பதித்த ஆப்டிக் தாழ்வாக உட்காரும்; அடாப்டர் பிளேட் என்ற இடைத்தகட்டின் மேல் வைத்தது உயர்ந்து நிற்கும். ஒரே சைட் முதலாவதில் பாதிக் கண்ணாடியை அடைக்கும், இரண்டாவதில் தலையே காட்டாது.

ஆகவே ஆப்டிக்கை முதலில் மாட்டுங்கள். ஸ்லைடின் மேல்தளத்திலிருந்து கண்ணாடியின் கீழ் விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் உயரமான சைட் போதும். சைட்டைச் செருகும் டவ்டெயில் பள்ளத்துக்குள் இறங்கும் பாகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணாடியின் அடிப்பகுதியில் மட்டும் சைட் தெரிய வேண்டும், மற்ற இடமெல்லாம் டாட்டுக்கு.

கேள்வி: மூன்று வெள்ளைப் புள்ளி உள்ளதா, டிரிட்டியமா (இருட்டில் தானே ஒளிர்வது), ஃபைபரா (வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் இழை)?

பதில்: ரியர் சைட், அதாவது பின் சைட், வெறும் கறுப்பு, கண்ணை நோக்கிய முகத்தில் வரி வெட்டியது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சிவப்புப் புள்ளியைத் தேடும் கண்ணுக்கு இன்னும் மூன்று புள்ளிகள் எதற்கு? முன்னால் உள்ள ஃப்ரண்ட் சைட்டும் கறுப்பே போதும். இருட்டில் தேவைப்படும் என்றால் முன்னால் மட்டும் ஒரு டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12 ஆண்டுக்குச் சற்று மேல், ஒளி மெல்ல மங்கிக்கொண்டே வரும்.

கேள்வி: சைட்டை நேராகப் பிடித்தால் டாட் ஃப்ரண்ட் சைட்டின் தலையில் உட்காரவில்லை, சற்றுத் தள்ளி நிற்கிறது. டாட்டை நகர்த்தி அதன் மேல் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, பலரும் செய்யும் தவறு இதுதான். சைட்டே தவறாக இருந்தால் டாட்டும் சேர்ந்து கெடும். தாங்கு வைத்து, இரண்டையும் தனித்தனியாகச் சுட்டு, தாளில் விழும் ஓட்டையைப் பார்த்து ஜீரோ செய்யுங்கள், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யுங்கள். இரண்டும் ஒரே தூரத்தில் சரியாக ஜீரோ ஆனால், அந்தத் தூரத்தில் டாட் தானாகவே ஃப்ரண்ட் சைட்டின் முனையை ஒட்டி வந்து நிற்கும்.

சைட் வைத்துச் சுடும்போது குண்டு கீழே விழுந்தால் ஃப்ரண்ட் சைட் உயரம் அதிகம் என்று பொருள். கணக்கு எளிது: இரு சைட்டுக்கும் இடையே 150 மி.மீ., இலக்கு 15 மீட்டர், குண்டு 50 மி.மீ. கீழே என்றால், 50 × 150 ÷ 15,000 = 0.5 மி.மீ. இப்போதுள்ளதைவிட அவ்வளவு குட்டையான ஃப்ரண்ட் சைட்டை வாங்குங்கள்.

கேள்வி: ரியர் சைட் ஆப்டிக்குக்கு முன்னாலா, பின்னாலா?

பதில்: பெரும்பாலும் ஸ்லைடும் பிளேட்டுமே அதைத் தீர்மானித்துவிடும். முன்னால் இருந்தால் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும், இடைஞ்சல் குறைவு. பின்னால் இருந்தால் சைட்டுகளுக்கு நடுவே தூரம் அதிகம், குறி துல்லியப்படும்.

கேள்வி: பிஸ்டலை உயர்த்தினால் டாட் கிடைப்பதில்லை. உயரமான சைட் உதவுமா?

பதில்: தொடக்கத்தில் உதவும். முனை தூக்கியிருந்தால் டாட் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். ஃப்ரண்ட் சைட்டை ரியர் சைட்டின் பள்ளத்துக்கு இறக்கினால் டாட்டும் கூடவே வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் சைட்டைத் தேடிப் பிறகு டாட்டுக்குப் போவது பழக்கமாகிவிட்டால் வேகம் போய்விடும். வெற்றுப் பிஸ்டலோடு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, கண் இலக்கிலேயே இருக்கத் தினமும் பத்து நிமிடம் உயர்த்திப் பழகுங்கள். மணிக்கட்டு கற்றுக்கொள்ளும்.

கேள்வி: மாட்டும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: உயரமான ஃப்ரண்ட் சைட் உங்கள் ஹோல்ஸ்டருக்குள் (பிஸ்டல் உறை) உரசாமல் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் திருகு. ஒருமுறை பயிற்சியின் நடுவே என் ஃப்ரண்ட் சைட் கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து திருகில் லாக்டைட் என்ற திருகுப் பசை ஒரு சொட்டு விடுகிறேன். டவ்டெயிலில் சைட்டையும் ஸ்லைடையும் சேர்த்து மெல்லிய வெள்ளைக் கோடும் போடுகிறேன். கோடு விலகியிருந்தால் சைட் நகர்ந்துவிட்டது, மறுபடி ஜீரோ பார்க்க வேண்டும்.