பள்ளித் தோட்டம்: முதலில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பள்ளியில் தோட்டம் போட்டு மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தப்போவதாகவும், பாம்பு, மண்வெட்டி என்று பெற்றோர் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பாம்பும் மண்வெட்டியும் கண்ணில் படும். புதரை வெட்டிவிட்டு, கூரான கருவிகளைப் பெரியவர்கள் பொறுப்பில் வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எனக்குக் கவலை தருவது மண்ணுக்குள் இருப்பது.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். பெயிண்ட் உரிந்த பழைய சுவரோரம், வண்டிகள் ஓயாத சாலையோரம், பழைய பேட்டரிகளை உடைத்த இடம் என்றால் மண்ணில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகம் முழுவதும் நின்றது 2021இல்தான். மேல்மண்ணில் படிந்த காரீயமோ எளிதில் போவதில்லை. காய்கறி வழியாக வருவதைவிட, விரலில் ஒட்டிய மண் வாய்க்குள் போவதே பெரிய சிக்கல். சாதாரண மண் பரிசோதனையில் தழைச்சத்து, மணிச்சத்து வரும், காரீயம் வராது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அளவு அதிகமென்றால் அடியில் துணி விரித்து, நல்ல மண் கொட்டி உயரமான பாத்தி அமையுங்கள்.

பச்சைச் சாணம் வேண்டாம், நன்றாக மக்கிய எருவே போதும். மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்கு, பச்சை எரு இட்டபின் அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் இடைவெளி கேட்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி.

வெறுங்காலோடு மண்ணை உணர வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்தே உள்ளே போகும், காலணி கட்டாயம். டெட்டனஸுக்குத் துருவைக் குற்றம் சொல்கிறோம். உண்மையில் மண்ணில் உள்ள கிருமியின் வித்துகள் காயத்துக்குள் போவதால் வருவது அது. பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய படிவம் பள்ளியைக் காக்கலாம், பிள்ளையின் காயத்தை ஆற்றாது.

அரளி, ஆமணக்கு, ஊமத்தை வளாகத்திலேயே வேண்டாம்.

கிருமிநாசினி திரவம் மண்ணையும் காரீயத்தையும் கையிலிருந்து அகற்றாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். ஆகவே பாத்தி எங்கே என்று முடிவு செய்யும் முன் குழாய் எங்கே என்று பாருங்கள். தூரமென்றால் பாதிப் பிள்ளைகள் கை கழுவாமலே சாப்பிடப் போய்விடுவார்கள்.