சுளகும் கணக்கு நோட்டும்

அன்புள்ள அண்ணாச்சி,

முக்கூடல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நான் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் போடுகிறார்கள், நகர்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. எதைச் சொன்னாலும் "பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்கிறார்கள். வாரம் 10 கணக்கு தானாகப் போட்டு வந்தால் பேனா பரிசு என்றேன். மூன்று வாரம் நன்றாக நடந்தது. பரிசை நிறுத்தியதும் கணக்கும் நின்றது. தாமாகப் படிக்க வைப்பது எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைய ஆசைப்படும் சின்னக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிற்பாடு மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது ஆசை குறையவில்லை. விருப்பமே இல்லாத பிள்ளையை உட்காரவைக்கப் பரிசு உதவும்தான். உட்கார்ந்தபின் பிடித்துவைக்க வேறொன்று வேண்டும்.

முக்கூடல் பீடி சுற்றும் ஊர். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம். மடியில் சுளகை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றுவாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் உட்காரும்போதே "மத்தியானத்துக்குள்ள முந்நூறு" என்பாள். அன்றைய இலையையும் தன் கையையும் பார்த்து அவளே வைத்த கணக்கு அது. கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, தளர்ந்ததைத் தானே கழித்துவிடுவாள். கடையில் கழித்தால் கூலி போகும் என்ற பயம் உண்டு. ஆனால் மறுநாள் சுற்று இறுகியது அவள் உருட்டிப் பார்த்ததால். என்னை மட்டும் இலையைத் தொட விடமாட்டாள்.

உங்கள் பிள்ளைகளில் சிலர் வீட்டிலும் அந்தச் சுளகு இருக்கும். பள்ளியிலோ கணக்கு வைப்பதும் நாம், கழிப்பதும் நாம். பிள்ளைக்கு என்ன மிச்சம் வைத்தோம்?

திங்கட்கிழமை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "நன்றாகப் படிப்பேன்" என்பது வேண்டாம். "காரணிப்படுத்துதலில் குறி மாறாமல் 5 கணக்கு" என்பதுபோல இருக்கட்டும். ஒருவன் இரண்டே கணக்கு என்று எழுதுவான். சரி என்று விட்டுவிடுங்கள், கூட்டினால் அது உங்கள் கணக்காகிவிடும். புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடைகளைப் பார்த்து அவர்களே பென்சிலால் திருத்தட்டும். அதன்பிறகுதான் உங்கள் சிவப்பு மை. வெள்ளிக்கிழமை "எத்தனை சரி?" என்று கேட்காமல், "எங்கே தப்பினது, எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தில் நீங்கள் குறுக்கே போகாதிருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை.

பரீட்சைக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள், அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. "வரும், வராததும் இருக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போங்கள்.

முதல் திங்களன்று உங்கள் வரியையும் கரும்பலகையில் எழுதுங்கள்: "இந்த வாரம் கடைசி பெஞ்சில் மூன்று பேர் யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பேன்." வெள்ளிக்கிழமை அவர்களே உங்களைத் திருத்தட்டும்.