ஊசியும் நூலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா உடுத்த மருதமுனைக் கைத்தறிச் சேலை, பெட்டிக்குள் இருந்தே மடிப்பில் கிழிந்துவிட்டது. அக்காவின் 60ஆவது பிறந்தநாளுக்கு அதைத் தைத்துக் கொடுக்க ஆசை. ஒட்டுத் தெரிந்தால் குறையாகுமா? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: ஒட்டுத் தெரிவது குறையே இல்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் கிழிவதுதான் குறை. சேலையை யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நைந்த இடம் வலைபோலத் தெரியும். கிழிசலுக்கு 2 அங்குலம் தள்ளி, இரு பெருவிரலாலும் மெல்ல இழுங்கள். அங்கேயும் பிரிந்தால் அது இனி உடுக்கத் தேறாது. நல்ல பகுதியை எடுத்துத் தலையணை உறை தையுங்கள்.

தேறினால், ஒட்டுக்குக் கடைத்துணி வேண்டாம். இடுப்பில் சொருகும் உள்முனையில் 6 அங்குலம் வெட்டுங்கள். உடுக்கும்போது அது குறைந்தது தெரியாது. வெயில் அதிகம் படாத முனை, நிறம் சற்று அழுத்தமாக இருக்கும். இருக்கட்டும். புதுத்துணிதான் என்றால் இரண்டு தரம் துவைத்துக் காயவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் பிறகு அது சுருங்கி, சேலையையும் சேர்த்து இழுக்கும்.

ஒட்டு, நைந்த இடத்தைத் தாண்டி நாலு பக்கமும் 1 அங்குலம் கூடுதலாக நிற்கவேண்டும். பாவுக்குப் பாவு (நீளவாட்டு இழை), ஊடைக்கு ஊடை (குறுக்கு இழை) ஒரே போக்கில் பின்பக்கம் வைத்து, முதலில் பெரிய தையலாக ஓட்டிப் பிடியுங்கள். பிறகு ஒற்றை இழைப் பருத்தி நூலில், 3 மில்லிமீற்றர் இடைவெளியில் வரிவரியாக நூலோட்டம். பொலியெஸ்டர் நூல் வேண்டாம்: இழுபடும்போது நூல் அறாது, பழைய துணிதான் அறும். ஒவ்வொரு வரி முடிவிலும் அரிசி மணி அளவு தளர்வு விட்டுத் திரும்புங்கள். இறுக்கினால் துணி சுருங்கிக் கொக்கிபோல் வளையும். நூலின் நிறம் உங்கள் விருப்பம். கரையின் நிறத்திலேயே எடுத்தால் தைத்தது வேலைப்பாடுபோல் நிற்கும்.

கொடுக்கும்போது மடிக்காமல், துணிக்கடையில் கழிக்கிற மட்டைக் குழாயில் சுற்றிக் கொடுங்கள். பழைய மடிப்பில் திரும்ப மடித்தால் இழை அதே இடத்தில்தான் முறியும்.

கேள்வி: வந்தாறுமூலை வளாகத்துக்குப் படிக்கப்போகும் தம்பிக்குத் தையல் பெட்டி கொடுக்கலாமா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: தாராளமாக. கறுப்பு, வெள்ளை, நீல நூல், நாலு ஓட்டைச் சட்டைப் பொத்தான் 6, சிறு கத்தரி, ஊக்கு. கைத்தையல் ஊசியில் இலக்கம் கூடக்கூட மெல்லியது; ஜீன்சுக்கு ஒரு தடித்த ஊசியும் வையுங்கள். மூடி இறுகிய பேணியாக இருக்கட்டும், உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்துச் சட்டையில் கறை வைக்கும்.