மியூசிக் வீடியோ, குறும்படம்: சிங்க், ஃப்ரேம் ரேட், ஒலி – கேள்வி பதில்

ஒளிப்பதிவு, பிளேபேக் (ஸ்பாட்டில் பாட்டை ஒலிக்கவிடுவது), எடிட்டிங், ஒலி இந்த நான்கைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். வாய்ப்பு, தயாரிப்பாளர் தொடர்பு, யூடியூப் வருமானம் என் துறை இல்லை. எந்தக் கேமரா, எத்தனை ஃப்ரேம், எந்த விளக்கு என்று சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் சொல்லும் பதில் உங்களுக்கு உதவாது.

திருச்சி: அண்ணா, கொள்ளிடம் மணல்ல ஒரு பாட்டு எடுத்தோம். க்ளோஸ்-அப் எல்லாம் லிப் சிங்க் பக்காவா இருக்கு. லாங் ஷாட்ல மட்டும் உதடு லேட்டா அசையுது. கேமரா மைக் ஆடியோவையும் பாட்டையும் வேவ்ஃபார்ம், அதாவது ஒலி அலையோட வடிவம் பார்த்துத்தான் சேர்த்தோம். எங்க தப்பு?

ஸ்பீக்கர் கேமரா பக்கத்தில் இருந்திருக்கும். வெயில் நேரத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு ஃப்ரேமுக்கு 14 மீட்டர். பாடகர் 40 மீட்டர் தள்ளி நின்றால் பாட்டு அவர் காதுக்குப் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 3 ஃப்ரேம் ஆகும். கேமரா மைக்குக்கு அது உடனே கேட்டுவிடும். வேவ்ஃபார்ம் சரியாகப் பொருந்தினாலும் உதடு பின்தங்குவது இதனால்தான். எடிட்டில் அந்த ஷாட்டின் படத்தை மட்டும் 3 ஃப்ரேம் முந்தி வரும்படி நகர்த்துங்கள். ப, ம வரும் சொல்லாகப் பார்த்து, உதடு மூடும் ஃப்ரேமை வைத்துச் சரிபாருங்கள். அ, ஆ வரும் இடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு ஃப்ரேம் பிசகு கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஸ்பீக்கரைப் பாடகர் பக்கத்தில் ஒளித்து வைத்தால் தலைகீழாக நடக்கும். கேமரா மைக்குக்கு ஒலி தாமதமாக வரும், சேர்த்தபின் உதடு முந்திக்கொள்ளும். அடுத்த முறை ஸ்பீக்கரைப் பாடகர் அருகே வையுங்கள். ஒரு வயர்லெஸ் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை அந்த ஸ்பீக்கர் மேலேயே கட்டிவிட்டு, ரிசீவரைக் கேமராவில் செருகுங்கள். எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் சிங்க் நகராது.

விழுப்புரம்: ஸ்லோ மோஷன்ல பாடகர் நடந்து வரணும், ஆனா உதடு பாட்டோட ஒட்டணும். பாட்டை எந்த ஸ்பீடுல போடணும்?

கேமரா ஃப்ரேமை டைம்லைன் (எடிட் மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கும் வரிசை) ஃப்ரேமால் வகுங்கள். 50இல் எடுத்து 25 டைம்லைனில் போட்டால் பாட்டு இரண்டு மடங்கு வேகம், அதாவது 200 சதவீதம். 30இல் எடுத்து 25இல் போட்டால் 120. டைம்லைன் 24 என்றால், 48க்கு 200, 30க்கு 125.

வேகத்தை ஸ்பாட்டில் ஃபோன் ஆப்பில் மாற்றாதீர்கள். முந்தின நாளே தனித்தனி ஃபைலாக ரெடி பண்ணுங்கள். இறுதி மிக்ஸ், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல். பாட்டு தொடங்கும் முன் ஒரு வினாடி இடைவெளியில் மூன்று பீப். அந்தப் பீப்களையும் பாட்டோடு சேர்த்தே வேகமாக்கி ஏற்றுமதி செய்யுங்கள். ஃபைல் பெயரிலேயே வேகத்தை எழுதுங்கள். அசிஸ்டெண்ட் ஃபைலை மாற்றிப் போட்டால் அந்த டேக் முழுக்க வீண்.

சுருதி மாறாமல் வேகமாக்கினால் மெய்யெழுத்துகள் கொஞ்சம் மழுங்கும். சுருதியோடு சேர்த்து ஏற்றினால் குரல் கீச்சென்று இருக்கும், சொல் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் பாடகருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். மெலடிக்கு 200 சுலபம். கானா, ராப் போன்ற அடர்த்தியான வரிகளை இரட்டிப்பு வேகத்தில் வாயசைக்க முடியாது. அங்கே 120க்கு மேல் போகாதீர்கள், அல்லது அந்த ஸ்லோ ஷாட்டை வரி இல்லாத இடத்தில் வையுங்கள். தலைமுடி, புடவைத் தலைப்பு, தண்ணீர் என்று ஃப்ரேமில் அசைகிற பொருள் ஏதாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், உதடு சரியாக ஒட்டிய ஸ்லோ மோஷன் சாதாரண ஷாட் போலவே தெரியும்.

இதை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மிக்ஸ் முடியாமல் ஷூட் போகாதீர்கள். 'டெம்போ மாறாது, சும்மா ரஃப்தான்' என்று இசையமைப்பாளர் தரும் ஃபைலில் ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) கூடும், குறையும். ஸ்பாட்டில் ஒலித்த ஃபைலும் எடிட்டுக்குப் போகும் ஃபைலும் நீளத்தில் ஒரே அளவா என்று ஷூட்டுக்கு முன் பாருங்கள்.

சேலம்: முதல் குறும்படம். எந்தக் கேமரா வாங்கலாம்?

வாங்காதீர்கள், இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். 10 பிட், 4கே, 50 ஃப்ரேம் இருந்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு ஒலிப்பதிவாளரையும் பூம் மைக்கையும் (கோலில் கட்டிப் பிடிக்கும் மைக்) வாடகைக்கு எடுங்கள். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் முதல் நிமிடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

தூத்துக்குடி: டியூப்லைட் போட்ட டீக்கடையில எடுத்ததுல கறுப்புப் பட்டை ஓடுது. 120 ஃப்ரேம், ஷட்டர் 1/240 வினாடி.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் முழுத் துடிப்புகளாக விழுந்தால் பட்டை வராது. 1/50இல் இரண்டு துடிப்பு, 1/100இல் ஒன்று. 1/240இல் பாதித் துடிப்புகூட முழுசாக விழவில்லை. 120 ஃப்ரேமில் ஷட்டரை 1/120க்கு மேல் திறக்கவே முடியாது, அதனால் அந்தக் கடை விளக்கில் 120 நடக்காது. 50 ஃப்ரேம், 1/100 போடுங்கள். 120தான் வேண்டும் என்றால் பகல் வெளிச்சம், அல்லது ஃப்ளிக்கர் இல்லாத சினிமா எல்இடி. டிம்மர் வைத்த எல்இடி ஸ்ட்ரிப்பைக் குறைத்து வைத்தாலும் பட்டை வரும். அதை முழுப் பிரகாசத்தில் ஓடவிட்டு, மேலே டிரேசிங் பேப்பர் ஒட்டியோ தள்ளி வைத்தோ வெளிச்சத்தைக் குறையுங்கள். இந்தியாவில் எடுக்கும் எதற்கும் 25 ஃப்ரேம், 1/50 என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை: இதை ஒத்துக்க முடியாது சார். சினிமான்னா 24தான். 25ல எடுத்தா சீரியல் மாதிரி இருக்கும்.

24இல் ஒரு ஃப்ரேம் 41.7 மில்லிசெகண்ட். 25இல் 40. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சீரியல் தோற்றம் வினாடிக்கு 50 ஃபீல்டு இன்டர்லேஸ் (ஃப்ரேமைப் பாதி பாதியாகக் காட்டும்) முறையிலிருந்தும், எல்லா மூலையையும் ஒரே மாதிரி வெளிச்சமாக்குவதிலிருந்தும் வந்தது. முழு ஃப்ரேமாகக் காட்டும் 25 ப்ரோக்ரெசிவில் அந்தத் தோற்றம் கிடையாது.

கோவை: பட்டைக்காக 25ன்னா, 24லயும் 1/50 வச்சா போதுமே. 172.8 டிகிரி ஷட்டர். எத்தனையோ படம் அப்படித்தான் எடுக்கறாங்க.

கணக்கு சரி. டிகிரி என்பது ஃப்ரேம் நேரத்தில் ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு, முழு ஃப்ரேம் 360. 24இல் 1/50 வைத்தால் பட்டை வராது. நான் 25 சொல்வதன் காரணம் வேறு. பல மிரர்லெஸ் கேமராக்களில் மெனுவில் 24 என்று போட்டிருப்பது உண்மையில் 23.976. அதை 24.00 டைம்லைனில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வைத்தால் ஆயிரத்துக்கு ஒன்று வேகம் கூடும். 4 நிமிடப் பாட்டில் அது 0.24 வினாடி, கிட்டத்தட்ட 6 ஃப்ரேம். ஒரே டேக்கில் எடுத்த பாட்டில் முதல் சரணம் ஒட்டும், கடைசிச் சரணம் ஒட்டாது. 25 என்பது எல்லாக் கேமராவிலும் 25 மட்டுமே. 50 அதன் சரியான இரட்டிப்பு. பல கேமராக்களில் PAL (நம் ஊர் டிவி முறை) அமைப்புக்கு மாற்றினால்தான் 25, 50 மெனுவில் தெரியும். மாற்றும்போது சில கேமராக்கள் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும், முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

மதுரை: இடையில வர்றேன், மன்னிக்கணும். தியேட்டருக்குக் கொடுக்கற டிசிபி (டிஜிட்டல் படத் தொகுப்பு) 24 தானே? 25ல எடுத்தவங்க என்ன பண்றது?

இது கேட்க வேண்டிய கேள்வி. 25 ஃப்ரேம் டிசிபி உண்டு, ஆனால் எல்லாத் திரையரங்க சர்வரும் ஓட்டும் என்று நம்ப முடியாது. பாதுகாப்பான வழி, படத்தை 24க்கு மெதுவாக்குவது. 10 நிமிடப் படம் 10 நிமிடம் 25 வினாடியாகும். சுருதி முக்கால் அரைச்சுரம் அளவு இறங்கும், அதை ஒலியில் திருத்திவிடலாம். வசனப் படத்தில் யாருக்கும் தெரியாது. பாட்டில் தெரியும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாள அடி) பாட்டு 115.2 ஆகிவிடும், இசையமைப்பாளர் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

கோவை: அப்போ 24தான்னு நீங்களே சொல்லிட்டீங்க!

திரையரங்கில் ஓடுவது உறுதியான மியூசிக் வீடியோவுக்கு 24, அதுவும் 24.00. கேமராவில் அது தனியாக இருந்தால் மட்டும். யூடியூபுக்கும் வசனக் குறும்படத்துக்கும் 25. படம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துத்தான் முடிவு.

டொராண்டோ: 1/50 போட்டா எங்களுக்குப் பட்டை வருது அண்ணா. மேல நீங்க சொன்னதுக்கு நேர் எதிர்.

கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். உங்களுக்கு 1/60, 1/120. 24 ஃப்ரேமில் 1/60 வைத்தால் 144 டிகிரி, தாராளமாகப் போதும். ஸ்லோ மோஷனுக்கு 60 ஃப்ரேம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு நம் கணக்கேதான், 50 ஹெர்ட்ஸ்.

கோவை: கடைசியா ஒண்ணு. 25ல எடுத்து 24 டைம்லைன்ல அப்படியே போட்டா என்ன?

வினாடிக்கு ஒரு ஃப்ரேமை மென்பொருள் தூக்கி எறியும். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் வினாடிக்கு ஒருமுறை துள்ளும். செய்யாதீர்கள். ஃப்ரேம் ரேட் பற்றி இது போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: குறும்படத்துக்கு நல்ல கேமரா எது சார்?

சேலம் நண்பருக்குச் சொன்னதே.

புதுச்சேரி: பழைய சினிமாப் பாட்டை நாங்களே பாடி, புது வீடியோ எடுத்துப் போடலாமா? 30 வினாடி வரை பிரச்சினை இல்லைன்னு சொல்றாங்க.

30 வினாடி விதி, 10 வினாடி விதி எதுவும் நம் சட்டத்தில் இல்லை. பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பின் உரிமை இன்னொன்று. நீங்களே பாடினால் முதல் உரிமையைத் தொடவில்லை, இரண்டாவது அப்படியேதான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் பாட்டுக்கு வழி தருகிறது. முதல் ஒலிப்பதிவு செய்த ஆண்டு முடிந்து 5 காலண்டர் ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், முன்கூட்டி அறிவித்து ராயல்டி கட்ட வேண்டும். ஆனால் அது ஒலிப்பதிவுக்கு மட்டும். படத்தோடு சேர்க்க உரிமையாளரிடம் தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஊரில் ஒரு நல்ல இசையமைப்பாளரைத் தேடிப் புதுப் பாட்டு செய்யுங்கள். அவரோடும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்: குறும்படம் எடுத்தா சினிமா வாய்ப்பு வருமா?

இதற்குப் பதில் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் மூவரும் குறும்படங்கள் வழியாக வந்தவர்கள். அவர்களுடைய பேட்டிகளைத் தேடிப் படியுங்கள்.

ராமநாதபுரம்: மதிய வெயில்ல கடற்கரைல எடுக்கணும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8ல பின்னணி மங்கலா வேணும். எந்த என்டி (வெளிச்சத்தைக் குறைக்கற) ஃபில்டர்?

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/100 என்றால் எஃப் 16. நீங்கள் லாகில் (log, நிறத்தைப் பின்னால் சரிசெய்வதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50 வைத்து எஃப் 2.8க்கு வரப் போகிறீர்கள். 9 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டும், அதாவது என்டி 512. அவ்வளவு அடர்த்தியில் மலிவான ஃபில்டர் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காது. கறுப்புச் சட்டை காவி கலந்த பழுப்பாகும், கலர் கரெக்‌ஷனில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஐஆர் தடுக்கும் என்டி வாடகைக்கு எடுங்கள். வேரியபிள் என்டியைக் கோடிவரை திருகினால் ஃப்ரேமில் பெருக்கல் குறி போல நிழல் விழும். அது போலரைசரும்தான், கறுத்த முகத்தில் இருக்கும் அழகான மினுமினுப்பைத் தின்றுவிடும். நம் ஆட்களின் முகத்துக்கு உயிர் தருவதே அந்த மினுமினுப்பு. அதைக் காப்பாற்ற நிரந்தர என்டிதான் நல்லது. எஃப் 5.6க்குச் சம்மதித்தால் 7 ஸ்டாப், என்டி 128 போதும். முடிந்தால் காலை 8 மணிக்குள் முடியுங்கள்.

திருப்பூர்: 50,000 ரூபாய்க்குள்ள எந்தக் கேமரா...

இதே கேள்வி மூன்றாவது முறை. இனி கேமரா வாங்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன். கையில் ஃபோன் இருந்தால் அதிலேயே எடுங்கள். ஆனால் ஃபோனின் சொந்தக் கேமரா ஆப் ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்கும், பாட்டு நழுவும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். 25 ஃப்ரேம், 1/50, ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் பண்ணுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

சென்னை, வில்லிவாக்கம்: அக்கா-தம்பி பேசற சீன், சின்ன ஃப்ளாட். ஃபேன் சத்தம் வசனத்தை விழுங்குது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா குரல் தகரம் மாதிரி ஆகுது.

ஃபேனை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். ஃப்ரேமில் ஃபேன் சுற்றுவது தெரிய வேண்டும் என்றால் அதை வைடு ஷாட்டில் மட்டும் எடுத்து, வசனத்தைக் க்ளோஸ்-அப்பில் வாங்குங்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவைத்தால், கிளம்பும்போது திரும்ப ஆன் செய்ய மறக்காது. பூம் மைக் தலைக்கு மேல், வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம். காலர் மைக் என்றால் பட்டும் நைலானும் உரசும். பருத்தி உடுத்தச் சொல்லுங்கள், மைக்கை மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பில் உடம்போடு ஒட்டுங்கள். நடிகர்கள் கலையும் முன் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் அறையின் அமைதியைப் பதியுங்கள். எடிட்டில் ஷாட் மாறும் இடங்களில் ஒலி குழி விழாமல் நிரப்ப அது வேண்டும். எடிட்டில் ஃபேன் சத்தம் தேவைப்பட்டால் தனியாகப் பதிந்து சேருங்கள். அளவு உங்கள் கையில் இருக்கும்.

நாகர்கோவில்: விழாவுக்கு அனுப்பணும். யூடியூப்ல போட்டுட்டு அனுப்பலாமா?

முதலில் விழாக்கள். இணையத்தில் பொதுவில் போட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை, ஒவ்வொன்றின் விதியையும் படியுங்கள். அதுவரை கடவுச்சொல் போட்ட இணைப்பாக வையுங்கள். ஜெர்மனியில் 1954இல் தொடங்கிய ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1999 முதல் மியூசிக் வீடியோவுக்கென்றே பரிசு தருகிறது. அது ஜெர்மன் தயாரிப்புகளுக்கென்று தொடங்கியது, எந்த நாட்டுப் படங்களை ஏற்கிறார்கள் என்று பார்க்காமல் நுழைவுப் படிவம் நிரப்பாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமி நடத்தும் ஆவண, குறும்பட விழா இருக்கிறது. நீளத்தையும் பாருங்கள், ஆஸ்கர் விதிப்படி குறும்படம் என்றால் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்கு மிகக் கூடாது.

தேர்வானதும் டிசிபி கேட்பார்கள். ஸ்டீரியோவை அப்படியே கொடுத்தால் வசனம் இடது, வலது ஸ்பீக்கர்களில்தான் வரும். ஓரச் சீட்டில் இருப்பவருக்குத் திரையின் ஒரு மூலையில் பேசுவது போலக் கேட்கும். வசனத்தை நடுச் சேனலுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள். அனுப்பும் முன் ஊரில் ஒரு திரையரங்கில் காலைக் காட்சிக்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, ஓரச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள்.