ஆக்சிமீட்டர் 98 காட்டியது, பிறகு எதற்கு ஆக்சிஜன்?

கேள்வி: என் மகள் பி.யூ.சி. முதலாண்டு படிக்கிறாள். போன வாரம் காலையில் குளிக்கப் போனவள் உள்ளேயே மயங்கிவிட்டாள். கதவை உடைத்துத்தான் தூக்கினோம். எங்கள் வீட்டில் கேஸ் கீசர். குளிருக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தாள். ஆக்சிமீட்டரில் 98 இருந்தது. அப்படியும் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். பில்லை ஏற்றத்தானே? மாமியாருக்கும் சில நாட்களாகக் காலையில் தலைவலி. பனி என்று விட்டுவிட்டோம்.
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பில் விஷயத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதில்லை. ஆனால் இந்த முறை அவர்கள் செய்ததுதான் சரி. பொய் சொன்னது ஆக்சிமீட்டர், அம்மா.

மூடிய குளியலறையில் கேஸ் எரிய எரிய, காற்றில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. (சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அது எச்சரிக்கைக்காகக் கலக்கும் மெர்காப்டன், எரிந்தபின் அந்த வாடை இருக்காது.) இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜன் உட்காரும் இடத்திலேயே கார்பன் மோனாக்சைடும் உட்காரும். பிடிப்போ ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். இப்படி ஆன இரத்தமும் நல்ல சிவப்பாகவே இருக்கும். வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கணக்குப் போடும் ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் கணக்கில் சேர்த்துவிடுகிறது. உண்மை அளவு தெரிய இரத்தம் எடுத்து, இரண்டையும் தனித்தனியாக அளக்கும் கோ-ஆக்சிமெட்ரி சோதனை பார்க்க வேண்டும்.

சரி, மாஸ்க் என்ன செய்தது? மகளைக் கேளுங்கள், வேதிச்சமநிலை அவளுக்கு இந்த வருடப் பாடம்தான். ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுக் கார்பன் மோனாக்சைடு ஏறுவது மீள்வினை, அதாவது எதிர்ப்பக்கமும் திருப்பலாம். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் சொன்னது இதற்கும் பொருந்தும்: சமநிலையில் ஒரு பொருளைக் கூட்டினால், அது செலவாகும் பக்கமாக வினை நகரும். நுரையீரலில் ஆக்சிஜனைக் குவித்தால், கார்பன் மோனாக்சைடு இடத்தைவிட்டு எழுந்து மூச்சோடு போய்விடும். சாதாரணக் காற்றில் அது பாதியாகவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. அழுத்தத்தையும் கூட்டிய ஆக்சிஜன் அறையில் அரை மணிக்கும் குறைவு. உங்கள் மகளுக்குக் கொடுத்த நான்கு மணி நேரத்தில், மூன்று முறை பாதியாகி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இறங்கியிருக்கும்.

ஆனாலும் சில வாரங்களுக்கு அவளைக் கவனித்துக்கொள்ளுங்கள். மறதி, நடையில் தடுமாற்றம், சுபாவத்தில் மாற்றம் தெரிந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த விஷம் தாமதமாகவும் வேலையைக் காட்டும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றும்வரை பற்றவைக்கவே வேண்டாம்.

மாமியாரின் தலைவலிக்குப் பனிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் படுக்கும் அறை குளியலறையை ஒட்டி இருக்கிறதா? கீசரை நிறுத்தியபின் தலைவலியும் நின்றால் காரணம் தெரிந்துவிடும். நிற்காவிட்டால் இரத்த அழுத்தத்தில் தொடங்கிப் பரிசோதிக்க வேண்டும், அழைத்துப் போங்கள்.